இடது பக்கம் மட்டும் மங்கிய பாட்டு

போன வருஷம் குற்றால சீசன் சமயத்தில், மேலகரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்த விஷயம் இது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ படித்தவள். ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் லேப் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்தால் பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் என்று எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவது வழக்கம். என் கணவருக்குப் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடை. காலையில் போனால் சாயந்திரம்தான் வருவார். பாட்டுக்கும் அவருக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. தரையில் கிடக்கும் ஸ்குருவை மிதிக்காமல் தாண்டிப் போவதே அவர் என் பொழுதுபோக்குக்குச் செய்கிற ஒத்தாசை.

என்னோடு டிப்ளமோ படித்த தோழி ஒருத்தி தென்காசியில் இருக்கிறாள். படித்து முடித்த கையோடு கல்யாணமாகிவிட்டது. கணவர் சவூதியில் வேலை பார்க்கிறார். ஒருநாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் பழைய பெட்ஷீட்டில் சுற்றிய கனத்த சாமான். பிரித்துப் பார்த்தால் ஒரு சி.டி. பிளேயர். ஜப்பானில் செய்தது. ஏறக்குறைய முப்பது வருஷத்துப் பெட்டி. இப்போது வருகிறவை போல வெறும் பிளாஸ்டிக் இல்லை, தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். அவள் கணவர் முதன்முதலாக வெளிநாடு போன புதிதில் ஆசைப்பட்டு வாங்கியதாம்.

சில வருஷமாக அது பாடுவதில்லை. டிஸ்க்கைப் போட்டால் கொஞ்ச நேரம் கரகரவென்று சுற்றிவிட்டு நின்றுவிடும். காட்டிய இடத்தில் எல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்லியிருக்கிறார்கள். கணவர் ஒவ்வொரு லீவுக்கு வரும்போதும் அதை எடுத்துத் துடைத்து, ஒரு டிஸ்க்கைப் போட்டுப் பார்ப்பாராம். பாடாது. திரும்ப மூடி வைத்துவிடுவாராம்.

“அவுக ஒண்ணும் சொல்ல மாட்டாக. தொடச்சிட்டு மூடி வச்சிருவாக. அதப் பாக்கத்தான்ட்டி எனக்கு ஒரு மாதிரியா இருக்கு” என்றாள். அடுத்த மாதம் அவர் லீவில் வருகிறார், அதற்குள் இதைப் பாட வைத்துக் கொடு என்பதுதான் விஷயம்.

திறந்து பார்த்ததில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. டிரேயை இழுக்கும் ரப்பர் பெல்ட் உருகித் தார் போல ஒட்டியிருந்தது. லென்ஸ் நகர்கிற கம்பியில் கிரீஸ் காய்ந்து கட்டியாகியிருந்தது. இரண்டையும் சுத்தம் செய்து, கையிலிருந்த வேறு பெல்ட்டைப் போட்டேன். லேசர் ரொம்பவே தளர்ந்துபோயிருந்ததால் அதற்கு மட்டும் புதிதாக ஆர்டர் போட்டு வரவழைத்து மாட்டினேன். டிஸ்க்கைப் போட்டதும் நம்பர்கள் ஓடின, பாட்டு வந்தது. உடனே தோழிக்குப் போன் போட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்தேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற ஓசை கேட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பழைய பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா மூட எனக்கு மனசு வராது. சத்தம் வெளியே வரும் பாதையில் உள்ள கபாசிட்டர்களுக்கு வயசாகிவிட்டது. அவற்றை மாற்றி, ஒலியைப் பெருக்கும் ஐ.சி.யையும் நல்லதாகப் போட்டால் பாட்டு இன்னும் தெளிவாக இருக்கும். அவளிடம் சொன்னேன். உனக்கு எது சரியோ செய் என்றாள்.

அந்த வாரம் சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். அருவிக்கரையிலேயே இருந்தாலும் எங்களைப் போன்றவர்கள் விருந்தாள் வந்தால்தான் குளிக்கப் போவோம். ஐந்தருவியில் நல்ல தண்ணீர். பெண்கள் பக்கம் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்று, தலை மரத்துப்போகும்வரை குளித்தேன். வீட்டுக்கு வந்தபோது இடது காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. தண்ணீர் போயிருக்கும், தானாக வடிந்துவிடும் என்றார்கள். ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தேன். பஞ்சு வைத்துப் பார்த்தேன். அப்புறம் அதை மறந்தே போனேன்.

விருந்தாட்கள் கிளம்பிய மறுநாள் கபாசிட்டர்களையும் ஐ.சி.யையும் மாற்றினேன். ஆசையாக ஸ்பீக்கர்களுக்கு நடுவில் உட்கார்ந்து பாட்டைப் போட்டால், இடது பக்கம் மங்கிக் கிடக்கிறது. நடுவில் நின்று பாட வேண்டிய பாடகர் வலது பக்கம் ஒதுங்கிப்போய் நிற்கிறார். போதாக்குறைக்கு அடியில் மெல்லியதாக ஒரு இரைச்சல், விடாமல்.

சால்டரிங் சரியில்லை போலிருக்கிறது என்று மறுபடி எல்லாவற்றையும் பற்றவைத்தேன். மாறவில்லை. இடது, வலது ஒயர்களை மாற்றிக் குத்தினேன். பழுது பிளேயரில் இருந்தால் மங்கல் இப்போது வலது பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. சரி, ஸ்பீக்கர்தான் என்று இரண்டு ஸ்பீக்கர்களையும் இடம் மாற்றி வைத்தேன். அப்போதும் இடது பக்கம்தான். ஆம்ப்ளிஃபையரையே மாற்றினேன். இடது பக்கம்தான்.

என் மாணவர்கள் யாராவது இப்படி ஒரு முடிவைக் கொண்டுவந்து காட்டியிருந்தால், என்ன அர்த்தம் என்று யோசி என்று அனுப்பியிருப்பேன். நான் யோசிக்கவில்லை. பல இடத்தில் பழுது இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். புது சாமான்களைப் போட்ட அன்றிலிருந்துதானே இந்தக் கோளாறு, பழையதையே திரும்ப வைத்துவிடுவோம் என்று கழற்றத் தொடங்கினேன். அவசரத்தில் சூடு கூடிப்போய், போர்டில் இருந்த செம்புக் கோடு ஒன்று உரிந்து மேலே வந்துவிட்டது.

மேற்கொண்டு கழற்றுவதை விட்டுவிட்டேன். ஒரு துண்டு ஒயர் வைத்து அந்தக் கோட்டைச் சேர்த்தேன். பாட்டு வந்தது. இடது பக்கம் அதே மங்கல், அதே இரைச்சல். முப்பது வருஷம் ஒரு மனிதர் துடைத்துத் துடைத்து வைத்திருந்த பொருளை நாசமாக்கிவிட்டேன் என்றே நினைத்தேன். கணவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கச் சொன்னேன். நல்லாத்தானே பாடுது என்றார். இவருக்கு என்ன தெரியும் என்று எழுப்பி அனுப்பிவிட்டேன். தோழி போன் செய்தால் வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிடுவேன். ஒரு வாரத்துக்கு மேல் இப்படியே போனது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவளே வந்துவிட்டாள். கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கை நீட்டி என்னைத் தொட்ட பிறகுதான் திரும்பினேன். உள்ளே வந்தவளிடம் எதையும் மறைக்கவில்லை. உன் பெட்டியைக் கெடுத்துவிட்டேன், போர்டும் உரிந்துவிட்டது, இடது பக்கம் சரியாகப் பாடவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவள் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். பாட்டைப் போடச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டை முழுசாகக் கேட்டாள்.

“எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத்தான்ட்டி கேக்கு. எங்க வீட்டுல பாடுனப்பகூட இவ்வளவு நல்லா இருந்ததில்ல.”

என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்கிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது. எழுந்திரு, நான் காட்டுகிறேன் என்று அவளை எழுப்பிவிட்டு, பாட்டை மறுபடி போட்டு உட்கார்ந்தேன். அவள் என் இடது பக்கம் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“நான் இங்கன நின்னு ஒன்னய கூப்புட்டுக்கிட்டே இருக்கேன். நீ பாட்டுக்கு இருக்க.” அவள் முகம் மாறியிருந்தது. “ஏட்டி, நீ நாக்காலிய திருப்பிப் போட்டு உக்காரு பாப்போம்.”

எனக்குப் புரியவில்லை. ஆனாலும் நாற்காலியைத் திருப்பி, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அதே பாட்டு. இடது பக்கம் இருந்த ஸ்பீக்கர் இப்போது என் வலது கைப்பக்கம். மங்கல் அங்கே போயிருக்க வேண்டும்.

அந்தப் பக்கம் கணீரென்று கேட்டது. மங்கல் என்னோடு கூடவே திரும்பி, என் இடது காதில் இருந்தது.

எழுந்து போய் பிளேயரை நிறுத்தினேன். ஆம்ப்ளிஃபையரை நிறுத்தினேன். ஃபேனையும் நிறுத்தினேன். கடைசியில் பிளக்கையே பிடுங்கிவிட்டேன். அந்த இரைச்சல் நிற்கவில்லை. அத்தனை நாளும் நான் பெட்டிக்குள் தேடிக்கொண்டிருந்தது என் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தோழி என்னை அழவிடவில்லை. கதவைப் பூட்டி, வந்த ஆட்டோவையே போன் போட்டுத் திரும்ப வரச்சொல்லி, தென்காசியில் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போகிற வழியிலேயே என் கணவருக்கும் தகவல் சொன்னாள். அருவித் தண்ணீர் அடைத்திருக்கும், எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த லேடி டாக்டர் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். தண்ணீரும் இல்லை, அழுக்கும் இல்லை, சவ்வும் நன்றாக இருக்கிறது என்றார். டியூனிங் ஃபோர்க் என்கிற ஒரு இரும்புக் கவையைத் தட்டி, அது அதிரும்போதே என் நடு நெற்றியில் வைத்து எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டார். வலது பக்கம் என்றேன். வெறும் அடைப்பாக இருந்தால் அடைத்த காதில்தான் அதிகமாகக் கேட்குமாம். அவர் அதற்குப் பிறகு வேகமாகப் பேசினார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டிப் பரிசோதித்தார்கள். வந்த கிராஃபில் வலது காதின் கோடு மேலே இருந்தது. இடது காதின் கோடு சரிந்து கீழே கிடந்தது.

நரம்பில் வந்த கோளாறு, சிலருக்குத் திடீரென்று இப்படி வரும், அருவியில் குளித்ததால்தான் என்று சொல்ல முடியாது, பெரும்பாலும் காரணமே தெரியாது என்று விளக்கினார். திரும்ப வருமா என்று கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை.

“வரலாம், வராமலும் போகலாம்மா. ஆனா நீங்க இப்ப வந்தது நல்லது. தண்ணி தானா வடியும்னு நெனச்சு மாசக்கணக்கா இருந்துட்டு வர்றவங்களுக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியாமப் போயிருது.”

அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தார்கள். வேறு ஏதும் இருக்கக் கூடாதே என்று திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்தோம். ரிசல்ட்டுக்குக் காத்திருந்தபோது என் கணவர் என் வலது பக்கமாகவே உட்கார்ந்திருந்தார். கட்டி கிட்டி ஒன்றும் இல்லை என்று சொன்னதும் வெளியே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மாத்திரையால் பசியும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. காது மட்டும் வரவில்லை. பிளேயரைத் தொடவே பயமாக இருந்தது. தோழி அதை எடுத்துப் போகவில்லை. நீ சரியாகக் கேட்டுச் சொன்ன பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

ஒரு காலையில் கொல்லைப்புறம் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். சாரல் திடீரென்று வலுத்து, பக்கத்து வீட்டுத் தகரக் கொட்டகையில் படபடவென்று விழுந்தது. கொட்டகை என் இடது பக்கம் இருந்தது. சத்தம் அங்கேயிருந்து வந்தது. உள்ளே ஓடாமல், துணியெல்லாம் நனைய அங்கேயே நின்றேன். வலது காதைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டேன். மெலிசாகத்தான், தூரத்தில் பெய்கிற மாதிரிதான். ஆனால் கேட்டது. என் கணவருக்குப் போன் போட்டு, வேண்டுமென்றே இடது காதில் வைத்துக்கொண்டு, என்னவாவது பேசுங்கள் என்றேன். எலுமிச்சை விலையைச் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

அடுத்த பரிசோதனையில் கோடு மேலே ஏறியிருந்தது. அதற்கடுத்ததில் வலது காதுக் கோட்டைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டது. டாக்டரே சிரித்துவிட்டார்.

அதற்குள் தோழியின் கணவர் லீவில் வந்துவிட்டார். பிளேயரை நானே கொண்டுபோய் அவர்கள் வீட்டில் மாட்டிக் கொடுத்தேன். உரிந்துபோன செம்புக் கோட்டைப் பற்றியும், அதில் நான் வைத்த ஒயரைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. பழைய இஸ்லாமியப் பாடல் டிஸ்க் ஒன்றைப் போட்டுவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டு, அதற்கடுத்தது என்று எழுந்திருக்கவே இல்லை. நானும் தோழியும் சமையலறை வாசலில் நின்று கேட்டோம். பாடகர் நட்டநடுவில் நின்று பாடினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தோழி என் இடது பக்கம் வந்து நின்று, வேண்டுமென்றே மெதுவாக, டீ வேணுமா என்று கேட்டாள். வேணும் என்றேன்.

இப்போதும் வீடு ரொம்ப அமைதியாக இருக்கும்போது அந்தக் காதில் லேசாக ஒரு இரைச்சல் உண்டு. பழகிவிட்டது. எதையாவது பிரித்துப் போட்டு, பழுது பிடிபடாமல் மண்டை காயும்போது, அடுத்த ஸ்குருவைக் கழற்றுவதற்கு முன்னால் யாரையாவது கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, உங்களுக்கு எப்படிக் கேட்கிறது என்று கேட்கிறேன். முன்பெல்லாம் கேட்டாலும் நம்பமாட்டேன், இப்போது அவர்கள் சொல்வதை நம்பி என்னையும் ஒரு தடவை சந்தேகப்பட்டுப் பார்க்கிறேன்.