என் பீரோவை யாரும் கேட்கவில்லை

பழைய சாமானை ஆன்லைனில் ஏலம் விடுகிற தொழிலில் பெரிய சங்கடம், வாங்குகிறவர் முகம் கடைசி வரைக்கும் தெரியாது என்பதுதான். முகத்தைப் பார்த்தே விற்றுப் பழகியவனுக்கு அது என்ன அவஸ்தை என்று, போட்டோவைப் போட்டுவிட்டு நாள் முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் சேல்ஸ்மேனாக இருந்தவன். மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவையை விரித்துப் போடுகிற வேலை. ஒரு கல்யாணக் கோஷ்டி செருப்பைக் கழற்றும்போதே, இதில் பணம் கொடுக்கப் போகிறவர் யார், யாருக்குப் பிடித்தால் வியாபாரம் முடியும் என்று சொல்லிவிடுவேன். முழங்கால் தேய்ந்து சம்மணம் போட முடியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டேன்.

வீடு செவிலிமேட்டில். மாடியை வாடகைக்கு விடலாம் என்று முடிவானபோது, அங்கே அடைந்து கிடந்த சாமான்களை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. எடைக்குப் போட வேண்டாம், ஏல ஆப்பில் போடுங்கள் என்று மருமகன் சொல்லி, என் போனிலும் என் மனைவி வசந்தாவின் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தார். போட்டோ போட வேண்டும், நாலு வரி எழுத வேண்டும், ஆரம்ப விலை சொல்ல வேண்டும். ஏலம் முடியும்போது யார் அதிகமாகக் கேட்டிருக்கிறாரோ அவருக்குப் பொருள். வசந்தா, கீரைக்காரம்மா சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுக் கூடவே ஒரு டம்ளர் மோரும் கொடுத்து அனுப்புகிறவள். இவளுக்கு எதற்கு இந்த ஆப் என்றுதான் நினைத்தேன்.

பீரோவும் குக்கரும்

முதலில் நான் பீரோவைப் போட்டேன். ஆயுதபூஜைக்குத் துடைக்கிற மாதிரி துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, முகூர்த்தப் புடவையைப் பற்றிப் பேசுவதுபோலவே எழுதினேன். ராசியான பீரோ, கண்ணாடி பதித்தது, இதுபோல இனிமேல் கிடைக்காது, முந்துங்கள் என்றெல்லாம் எழுதினேன். வசந்தா அன்றைக்கே ஒரு பழைய குக்கரைப் போட்டாள். அடுப்பு மேடையிலேயே வைத்து எடுத்த போட்டோ. பின்னால் அழுக்குக் கரித்துணி தெரிந்தது. 'கைப்பிடி ஆடும், துணி சுற்றிப் பிடிக்க வேண்டும். ஆனால் துவரம்பருப்பு இதில் வேகிற மாதிரி வேறு எதிலும் எனக்கு வெந்ததில்லை' என்று எழுதியிருந்தாள். கைப்பிடி ஆடுவதை யாராவது எழுதுவார்களா, கடையில் இப்படிப் பேசினால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னேன். சரிங்க என்று சொல்லிவிட்டு மத்தியானம் படுத்துத் தூங்கிவிட்டாள்.

அவள் தூங்கத் தூங்க அவள் போன் 'டிங், டிங்' என்று அடித்தது. என் போன் பக்கத்திலேயே ஊமையாகக் கிடந்தது. சார்ஜ் போய்விட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். சார்ஜ் முழுசாக இருந்தது. ஏலம் முடிந்து குக்கர் விழுந்தது புதிதாகக் கல்யாணமான ஒரு பெண்ணுக்கு. அவள் போன் செய்தபோது வசந்தா குளித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். எத்தனை விசில் வைக்க வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். எல்லாம் வழக்கமாக வைக்கிறதுதான், குக்கரைப் பற்றி என்னிடமே கேட்கலாம் என்றேன். அந்தப் பெண் சொன்னாள்:

"அம்மா குளிச்சிட்டு வரட்டும் சார், நான் லைன்லயே இருக்கறேன்."

உடற்பயிற்சி சைக்கிள்

எனக்கும் ஒரு பொருள் போனது. அதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னைக் குறைவாக நினைத்துவிடுவீர்கள். டாக்டர் சொன்னார் என்று வாங்கி, மாடியில் துண்டு காயப்போடுவதற்குப் பயன்பட்ட உடற்பயிற்சி சைக்கிள் அது. 'அதிகம் உபயோகிக்காதது, புதிது போலவே இருக்கும்' என்று எழுதினேன். திருப்புட்குழியிலிருந்து ஒருவர் கேட்டார். அவர் ஒருவர்தான் கேட்டார், ஆனாலும் ஏலம் ஏலம்தான்.

குட்டியானை வண்டியோடு வந்து இறங்கினார். பனியனோடு வாசலில் நின்ற என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். சைக்கிளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நான் பெடலைச் சுற்றிக் காட்டப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"அதிகம் ஓட்டலன்னு போட்டிருந்தீங்களே, உங்கள பாத்தவுடனே நம்பிக்கை வந்துடுச்சு சார்."

கணக்கு டீச்சர்

வசந்தாவுக்கு அதற்குள் மிக்ஸி போனது, தொட்டில் கம்பி போனது, மூடியில்லாத பிளாஸ்கை இரண்டு பேர் போட்டி போட்டுக் கேட்டார்கள். சோறு போட்டுக்கொண்டே போனைப் பார்ப்பாள், ஒரு சிரிப்பு சிரிப்பாள். யாரு, என்ன விலை என்று நான் கேட்க மாட்டேன். கடையில் பக்கத்து மெத்தைக்காரன் எனக்கு மேல் விற்ற நாளிலும் வீட்டுக்கு வந்து நன்றாகவே சாப்பிட்டிருக்கிறேன். இந்தச் சிரிப்புதான் தொண்டையில் நின்றது.

இவள் எப்படி எழுதுகிறாள் என்று கவனித்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறாள், அவ்வளவுதான். அது எனக்கு வராதா? மகள் படித்த மேஜையை எடுத்துப் போட்டேன். 'இந்த மேஜையில் உட்கார்ந்து படித்துத்தான் என் மகள் கணக்கில் பள்ளிக்கே முதலாவதாக வந்தாள்' என்று எழுதினேன். அன்றைக்கு என் போன் அடித்தது பாருங்கள், அதைக் கேட்கட்டும் என்று வசந்தா இருந்த அறைக்கே கொண்டுபோய் வைத்தேன்.

ஏலத்தில் எடுத்தவர் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு அம்மா. பேத்திக்கு வேண்டும் என்று மகனோடு ஆட்டோவில் வந்தார். மேஜையைத் தட்டிப் பார்த்தார், டிராயரை இழுத்துப் பார்த்தார், திருப்திதான். போகும்போது சுவரிலிருந்த மகளின் கல்யாண போட்டோவைப் பார்த்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர் அவர்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மேஜையை வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்ட விலையையும் குறைக்கவில்லை. என்னிடம் மெதுவாக இதை மட்டும் கேட்டார்:

"பத்தாவதுல கணக்க மட்டும் ரெண்டாவது வாட்டி எழுதின பொண்ணு தானே சார் இது?"

வாலாஜா ரமேஷ்

அடுத்து வசந்தா தன் தையல் மெஷினைப் போட்டாள். ஆரணியிலிருந்து ஒரு பெண்ணும் செய்யாறிலிருந்து இன்னொருவரும் மாற்றி மாற்றி விலையை ஏற்றினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட இவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இவளுக்கு ஒரே ஒரு ஏலமாவது கெட்டுப்போக வேண்டும் என்று தோன்றியது. பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரே ஒரு ஏலம். என் பழைய போனில் வாலாஜா ரமேஷ் என்ற பெயரில் ஒரு கணக்கைத் திறந்தேன். எல்லோருக்கும் மேலே ஒரு விலை கேட்டுவிட்டு, கடைசியில் வராமல் இருந்துவிடுவது என்று திட்டம். ஏலம் முடிந்தது. ரமேஷுக்கே விழுந்தது.

மறுநாள் சாயங்காலம் நான் ஹாலில் இருந்தேன், வசந்தா சமையலறையில் இருந்தாள். மெஷினை எப்போது எடுத்துக்கொள்கிறீர்கள் என்று அவள் ரமேஷுக்கு எழுதியிருக்கிறாள். சோபாவில் என் பக்கத்தில் 'டிங்' என்றது. போனை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். கொஞ்சம் பொறுத்து, வணக்கம் ரமேஷ் என்று மறுபடி எழுதியிருக்கிறாள். தலையணைக்கு அடியிலிருந்து 'டிங்' என்றது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மூன்றாவது தடவை அவள் எழுதிய உடனே எட்டிப் பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும், நான் நிமிரவில்லை.

கோபித்துக்கொண்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கோபப்படவில்லை. ரமேஷை ரத்து செய்துவிட்டு ஆரணிப் பெண்ணுக்கே மெஷினைக் கொடுப்பதாக எழுதினாள். பிறகு டீயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"ஆறிடும், குடிங்க. குடிச்சிட்டு மாடியிலேர்ந்து மெஷின கீழ எறக்கி வெச்சிடுங்க ரமேஷ்."

சின்ன முதலாளியின் போன்

ஒரு நாள் காலையில் நான் வேலை பார்த்த கடையிலிருந்து சின்ன முதலாளி கூப்பிட்டார். பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றுதான் பேசினேன். கல்யாண சீசன், ஆள் போதாமல் இருக்கும், முழங்காலைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் சட்டைகூட எடுத்துப் போட்டாகிவிட்டது. அவர் என் உடம்பை விசாரித்தார், மகளை விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"ஷோரூம்ல பழைய தேக்கு அலமாரிய வெளிய எடுக்கறோம் ஏகாம்பரம் அண்ணே, ஏலத்துல அக்கா எழுதினா போவுதுன்னு சொல்றாங்க, போன கொஞ்சம் அவங்ககிட்ட குடுங்க."

தேக்கு அலமாரி

வசந்தாவைக் கூட்டிக்கொண்டு நான்தான் போனேன். அவளுக்குத்தான் நாற்காலி போட்டார்கள், அவளுக்குத்தான் முதலில் காபி. கடையில் மெத்தையை எடுத்துவிட்டு உயரமான மேஜை போட்டிருந்தார்கள். வாங்க வந்தவர்கள் குஷன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள், சேல்ஸ்மேன்கள் நின்றபடி புடவையைப் பிரித்தார்கள். சம்மணம் போட வேண்டியதே இல்லை. கொஞ்சம் முன்னாலேயே இதைச் செய்திருந்தால் நான் இன்னும் அங்கே நின்றுகொண்டிருப்பேன். என் இடத்தில் நின்ற பையன் சுறுசுறுப்பானவன்தான், அவனை எனக்குப் பிடிக்கவில்லை.

அலமாரி பின்கட்டில் நின்றது. வசந்தா போட்டோ எடுத்துக்கொண்டு, இதைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது, நான் சொல்ல வேண்டும் என்றாள். உனக்குத்தான் எழுத வருமே, எழுது என்றேன். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். கடைசியில் நான்தான் பேச வேண்டியிருந்தது. இடது பக்கக் கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டும் என்றேன். மூன்றாவது தட்டில்தான் முதலில் காட்டாத புடவைகளை வைத்திருப்போம் என்றேன். சம்பந்திகளுக்குள் பேச்சு முற்றி, எழுந்து போய்விடலாமா என்கிற நிலைமைக்கு ஒரு கோஷ்டி வந்துவிட்டால், நான் எழுந்துபோய் அந்தக் கதவைத் திறப்பேன், கதவு ஒரு மாதிரி முனகும், அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அலமாரியைத் திரும்பிப் பார்ப்பார்கள், அதற்கப்புறம் எடுத்து விரிக்கிற புடவை பெரும்பாலும் திரும்ப அலமாரிக்குள் போகாது என்றேன். சொல்லிக்கொண்டே போனேன். அவள் கட்டைவிரலால் அடித்துக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

அலமாரி போன விலையைக் கேட்டு சின்ன முதலாளியே ஒரு தடவை திருப்பிக் கேட்டார். எடுத்தவர் சென்னையில் துணிக்கடை திறக்கப் போகிற ஒரு இளைஞர். லாரியோடு வந்தவர் நேராக வசந்தாவிடம் போய், அதைப் படித்துவிட்டுத்தான் வாங்கினேன் என்றார். நான் அலமாரியின் மறுபக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாயிலிருந்து வந்தது, என் கதவு, என் மூன்றாவது தட்டு, பாராட்டு மட்டும் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கயிற்றை விட்டுவிட்டுப் போய்விடலாமா என்றுகூட இருந்தது. நீங்கள் முன்னால் புடவைக் கடையில் வேலை பார்த்திருக்கிறீர்களா அம்மா என்று அவர் கேட்டார். வசந்தா என் பக்கம் கையைக் காட்டினாள்.

"நான் எங்க பார்த்தேன் தம்பி, வித்தவரு அதோ கயிறு புடிச்சிக்கினு நிக்கறாரு, நான் அவரோட குடும்பம் தான் நடத்தினேன்."

ஆக, ஆன்லைன் ஏலத்துக்கு இவ்வளவு பாடுபடலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, தாராளமாகப் படலாம், ஆனால் வீட்டில் இருவரில் ஒருவர் போனில் மட்டும் அந்த ஆப்பை ஏற்றிக்கொள்ளுங்கள்.