கழற்றி வைத்தால் நின்றுவிடும்

இன்றைக்கு என்ன கிழமை என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். வேலையில் இருந்த காலத்திலேயே வரும். நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்க்கிறவனுக்குக் கிழமை எதற்கு? எங்களுக்கு முதல் ஷிஃப்ட், இரண்டாவது ஷிஃப்ட், நைட், பிறகு ஓய்வு. அந்த ஓய்வும் இந்த வாரம் வந்த நாளில் அடுத்த வாரம் வராது. ஊரே ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நிற்கும்போது நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பேன். நைட் முடித்துக் காலையில் வீட்டுக்கு வந்தால், தூங்கி எழும்வரை எனக்கு அது முந்தைய நாள்தான். சுரங்க டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் பாதி வீடுகளில் இதே கணக்குதான். நாளைக்குக் கல்யாணம் என்று ஒருவர் சொன்னால், "தூங்குறதுக்கு முன்னயா, தூங்கி எழுந்தா?" என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

ரிடையர் ஆகிச் சில மாதங்கள் கழித்து, சர்க்கரைக்கு மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது வம்பு தொடங்கியது. இழுத்துவிட்டவள் என் மனைவி. நான் பாட்டுக்குச் சட்டைக் கையை மடித்து பிரஷர் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் டாக்டரிடம் குனிந்து, "மத்தியானத்துல ஹெல்மெட்டை எடுத்துக்கினு பஸ் ஸ்டாப்புக்குப் போயிடறாருங்க. ரெண்டு தபா ஆயிடுச்சு" என்றாள்.

அது உண்மைதான். முதல் தடவை பழக்கதோஷம். கால் தானாகப் போய்விட்டது, பாதி வழியில் நினைவு வந்து சிரித்துக்கொண்டே திரும்பினேன். இரண்டாவது தடவை என்ன நினைத்துக்கொண்டு போனேன் என்பது எனக்கே தெரியவில்லை. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் பயந்துபோயிருந்தேன்.

டாக்டர் என் மகள் வயதுப் பெண். மாசம் கேட்டார், சொன்னேன். வருஷம் கேட்டார், சொன்னேன். "இன்னைக்கு என்ன கிழமைங்கய்யா?" என்றார்.

"ரெண்டாவது நைட்டும்மா" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் பழைய ஷிஃப்ட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அன்றைக்கு எனக்கு இரண்டாவது நைட்தான். மனசுக்குள் அது நிற்காமல் ஓடிக்கொண்டேதான் இருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. என் மனைவியைப் பார்த்தார். பாண்டிச்சேரியில் மூளை நரம்பு டாக்டர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் டாக்டர் எழுதிய காகிதத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கோ கோபம். மறதி என்றால் முன்பு தெரிந்திருந்தது இப்போது தெரியாமல் போக வேண்டும். எனக்குக் கிழமை எப்போது தெரிந்திருந்தது? இதை நான் சத்தமாகவே சொன்னேன், முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். சொன்ன பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எப்போதும் இப்படித்தான் இருந்தேனா, இப்போது இப்படி ஆகிவிட்டேனா? யாரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது?

பாண்டிச்சேரிக்கு இன்னும் போகவில்லை. அந்தச் சமயத்தில் டவுன்ஷிப் மைதானத்தில் வர்த்தகக் கண்காட்சி போட்டிருந்தார்கள். டெல்லி அப்பளம், சப்பாத்தி தேய்க்கும் மெஷின், உட்கார்ந்தால் முதுகைப் பிடித்துவிடும் நாற்காலி. கிழமையையும் தேதியையும் பெரிய எழுத்தில் காட்டும் சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கி, நான் உட்காருகிற இடத்துக்கு எதிரே மாட்ட வேண்டும் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். எனக்கு மானம் போகிற மாதிரி இருந்தது. ஆனாலும் கூடவே போனேன்.

சென்னைக் கடிகாரக் கடை ஒன்று ஸ்டால் போட்டிருந்தது. சுவர் முழுக்கக் கடிகாரங்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நேரங்கள். நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி, மேலே குட்டி விளக்கு, உள்ளே ஒரே ஒரு கைக்கடிகாரம். விலை கேட்டேன். ஸ்டாலில் இருந்தவர் சொன்னார். என் மனைவி கைப்பையை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"இத யாரு இங்க வாங்குவாங்கன்னு கொண்டாந்தீங்க?"

"விக்கிறதுக்கு இல்ல சார். புதுசா வந்திருக்கு. பாக்கக் கூட்டம் வரும்னு ஓனர் குடுத்தனுப்பினாரு. வர்றவங்க எல்லாம் அலாரம் டைம்பீஸ்தான் கேக்குறாங்க."

பொழுது போகாமல் உட்கார்ந்திருந்தாரோ என்னவோ, கையில் கறுப்புத் துணி உறை மாட்டிக்கொண்டு அதை வெளியே எடுத்தார். கண்ணில் பொருத்திப் பார்க்கிற லென்ஸ் ஒன்றையும் என்னிடம் கொடுத்தார். பார்த்தேன். முதலில் மணி என்ன என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. பெரிய வட்டத்துக்குள் மூன்று சின்ன வட்டங்கள், ஒவ்வொன்றிலும் முள். ஒன்று கிழமையாம், ஒன்று தேதியாம், ஒன்று மாசமாம். லீப் வருஷத்துக்குத் தனியாகப் பொட்டளவு ஜன்னல். கீழே நீல வானத்தில் ஒரு நிலா, பாதி மறைந்து நின்றது. எந்த முள் எதைச் சொல்கிறது என்று பார்ப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் அதைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கமும் கண்ணாடி. உள்ளே கடுகைவிடச் சின்னப் பற்களோடு சக்கரங்கள், ஒன்று மட்டும் நிற்காமல் இங்கும் அங்கும் ஆடிக்கொண்டிருந்தது. நான் வேலை பார்த்த மண்வெட்டும் இயந்திரத்தில் பல் சக்கரம் ஆள் உயரம் இருக்கும். எது சுற்றினால் எது சுற்றும் என்று தரையில் நின்றே சொல்லிவிடலாம். இதில் ஒன்றும் விளங்கவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி இருந்தது.

"முப்பதா முப்பத்தொண்ணா, பிப்ரவரிக்கு எத்தன நாள், எல்லாம் அதுவே தெரிஞ்சுக்கும் சார். நாம மாத்தவே வேண்டாம்."

"கிழமை தப்பாவே காட்டாதா தம்பி?" என்று கேட்டாள் என் மனைவி.

"காட்டாதும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். சுருக்கென்றது. ஒரு இரும்புத் துண்டின் மேல் பொறாமைப்படுவேன் என்று நான் நினைத்ததில்லை.

பிறகு அவள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தாள். "இங்கிலீஷ்ல என்னா போட்டிருக்குது? செவ்வாயா? இன்னிக்கு வியாழக்கிழமையாச்சே?"

ஸ்டால்காரர் வாங்கிப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. "கடையில யாரோ ரெண்டு மூணு நாள் அப்படியே வச்சிருந்திருப்பாங்கம்மா. இது கை அசைவுலதான் ஓடும். கழட்டி வச்சா நின்னுடும். திரும்ப எடுத்து ஆட்டினா, நின்ன எடத்துலேருந்து ஓட ஆரம்பிக்கும். நடுவுல போன நாள் அதுக்குத் தெரியாது."

"அப்ப கெட்டுப்போச்சா?"

"கெடலம்மா. நின்னுபோச்சு, அவ்ளோதான்."

"கெடலியே?" என்று மறுபடி கேட்டாள். வாங்கப் போகிறவள்கூட இப்படித் துருவிக் கேட்கமாட்டாள். நான் ஒன்றும் புரியாமல் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றேன்.

"இல்லம்மா. இத வச்சிருக்கறவங்க ஒரு பொட்டி வாங்கிப்பாங்க. கட்டாத நாள்ல அதுல வச்சா கரண்டுல மெதுவா சுத்திக்கிட்டே இருக்கும். கையில இருக்கோம்னு அது நெனச்சுக்கும்."

அவள் அந்தக் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். சுவர்க் கடிகாரம் எடுக்கலையா என்று கேட்டேன். "வேணாம், வாங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு கட்டு டெல்லி அப்பளம் மட்டும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் விடிவதற்கு முன்பே என்னை எழுப்பினாள். மேசையில் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், துவைத்து மடித்த துண்டு. வேலைக்குப் போன காலத்தில் எப்படி இருக்குமோ அப்படியே.

"எழுந்திரிங்க. முதல் ஷிஃப்ட்டு."

எனக்குப் பகீரென்றது. குழம்பியது நானா, அவளா? "நான் ரிடையர் ஆயிட்டேன்" என்றேன்.

"தெரியுது இல்ல? அப்ப சரி. நடந்துட்டு, பார்க்குல உக்காந்து சாப்புட்டு, ரெண்டு மணிக்கு வூட்டுக்கு வாங்க."

"என்னைப் பொட்டியில போட்டுச் சுத்துறியா?"

"ஆமாங்க" என்றாள். முகத்தில் சிரிப்பில்லை.

முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினேன். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள், "என்னா அண்ணே, கான்ட்ராக்ட்ல சேந்துட்டீங்களா?" என்று கிண்டல் செய்தார்கள். "சம்பளம் இல்லாத கான்ட்ராக்ட்" என்றேன். சுரங்கத்து பஸ் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. நான் ஏறவில்லை. ஏறக்கூடாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அது எனக்கே நிம்மதியாக இருந்தது. பார்க்கில் பேப்பர்கூட வாங்காமல் உட்கார்ந்து வருகிற போகிறவர்களைப் பார்த்தேன். பசித்ததும் டப்பாவைத் திறந்தேன். மேல் தட்டில் வெண்டைக்காய்ப் பொரியல். கருவாட்டுத் தொக்கு இல்லை. மற்ற நாளில் அது இல்லாமல் அவள் எனக்கு டப்பா கட்டியதே கிடையாது. வெள்ளிக்கிழமை மட்டும் எங்கள் வீட்டு அடுப்பில் கவிச்சி ஏறாது.

"வெள்ளி" என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் யாரும் இல்லை.

இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போனேன். அவள் கேட் பக்கத்திலேயே நின்றிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை. "இன்னிக்கு என்னா கிழமை?"

"வெள்ளி."

"எப்படித் தெரிஞ்சுது?"

வெண்டைக்காயைச் சொல்லியிருக்கலாம். "தெரிஞ்சுது" என்றேன். அவள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அடக்கி வைத்திருந்த அழுகை. நான் காலி டப்பாவோடு அவள் முன்னால் நின்றேன். எனக்குக் கிழமை தெரிந்துதான் சொன்னேனா, அவள் சுற்றிவிட்டதால் ஓடினேனா? எனக்குப் புரியவில்லை, இன்றுவரை புரியவில்லை.

முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் டப்பாவை வாங்கினாள்.

"நாளைக்கும் முதல் ஷிஃப்ட்டுதான்" என்றாள்.