குவாரித் தண்ணீரில் எடுத்த படம்

நானும் என் மனைவியும் அருப்புக்கோட்டையில் ஸ்டுடியோ நடத்துகிறோம். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று படம் எடுப்பது நான். ஆல்பம் போடுவது அவள். ஒரு முறை தூத்துக்குடிக்குக் கல்யாணப் படம் எடுக்கப் போனபோது, மாப்பிள்ளையின் நண்பர் ஸ்கூபா டைவிங் சொல்லிக்கொடுப்பவர் என்று தெரிந்தது. சும்மா ஒரு தடவை இறங்கிப் பார்ப்போம் என்று ஆரம்பித்து, இரண்டு பேரும் முறையாகப் பயிற்சியை முடிக்கும் வரை போய்விட்டோம். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் தூத்துக்குடி பஸ்ஸில் ஏறிவிடுவோம்.

தண்ணீருக்குள் எந்தக் கேமராவைக் கொண்டுபோவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. ஸ்டுடியோவில் இருக்கும் பெரிய கேமராவுக்குத் தண்ணீர் புகாத கூடு வாங்கி, கூடவே ஒரு ஃபிளாஷும் மாட்டிக்கொள்ளலாம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"கேமராவ விட லைட்டு முக்கியம்ங்க. கொஞ்சம் ஆழம் போனாலே செவப்பு நெறம் செத்துப்போகுது. எல்லாம் நீலமாத் தெரியுது. சின்னக் கேமரா ஒண்ணு, அகல லென்ஸு ஒண்ணு, ரெண்டு பக்கமும் லைட்டு. போதும்."

கடைசியில் இரண்டையும் வாங்கினோம். தெளிந்த கடலில் என் பெரிய கேமரா ஜெயித்தது. பவளப்பாறை மேல் திரியும் மீன்களின் கண்கள் வரை துல்லியமாக விழுந்தன. அவளுடைய சின்னக் கேமராவை அலமாரியில் வைத்ததோடு சரி.

எங்கள் சொந்த ஊர் திருச்சுழிப் பக்கம். அங்கே எனக்குப் பங்காளி முறையில் ஓர் அண்ணன் டிப்பர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ஊருக்கு வெளியே மூடிக்கிடக்கும் கல்குவாரியில் தேங்கிய தண்ணீரில் வண்டியைக் கழுவிவிட்டு வருவது அவர் வழக்கம். ஒரு நாள் சாயங்காலம் லோடு இறக்கியவர் வீட்டுக்கு வரவில்லை. போனும் எடுக்கவில்லை. லாரியையும் காணவில்லை.

லாரி முதலாளி போலீசில் புகார் கொடுத்தார், வண்டியைத் திருடிக்கொண்டு டிரைவர் ஓடிவிட்டான் என்று. ஊரும் அதைத்தான் பேசியது. ஆந்திராவில் வண்டியை விற்றுவிட்டார் என்று ஒருவர் சொன்னார். அங்கேயே இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று மற்றொருவர் சொன்னார். அவருடைய தம்பி மட்டும் குவாரிக்குப் போய்ப் பார்த்திருக்கிறான். வண்டி இறங்கும் சரிவில் ஓரம் பெயர்ந்து கிடந்தது. தண்ணீர் மேல் ஆயில் மினுமினுத்தது. தீயணைப்புப் படை வந்து பாதாளக்கரண்டி போட்டு இழுத்தது. வந்தது கருவேல முள்ளும் பழைய கம்பியும்தான். தண்ணீரை இறைக்கச் சொன்னால், உள்ளே வண்டி இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம் என்று அதிகாரிகள் கேட்டார்கள்.

தம்பி நேராக எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தான். என் வயதுக்காரன், ஒன்றாகப் படித்தவன்.

"ஏலே, நீ தண்ணிக்குள்ள போட்டோ எடுக்கிறவன்தானே? ஒரே ஒரு படம். வண்டி நம்பர் தெரிஞ்சாப் போதும். எங்கண்ணன் களவாணி இல்லன்னு நான் நிரூபிக்கணும்."

தூத்துக்குடியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரிடம் போனில் பேசினேன். காற்று சிலிண்டர்களோடு தானே வருவதாகச் சொன்னார். கரையிலிருந்து கயிறு பிடிக்க ஆள் வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் வண்டிக்குள் நுழையக் கூடாது என்றார். இன்ஸ்பெக்டரும் சம்மதித்தார், தீயணைப்பு ஆட்கள் கயிறு பிடிப்பார்கள் என்று ஏற்பாடாயிற்று.

குவாரியில் இறங்குவதற்கு முந்தின நாள், மேசை மேல் இரண்டு கேமராக்களையும் எடுத்து வைத்தோம். என் கை தானாகப் பெரியதைத்தான் எடுத்தது. மனைவி தலையை ஆட்டினாள்.

"அது கடல் இல்லைங்க, கலங்கின தண்ணி. ஃபிளாஷ் அடிச்சா மாவு மில்லுல பறக்கிற மாவு மாதிரி தூசிதான் விழும். நம்பர் பிளேட்டுக்கு ஒரு முழம் பக்கத்துல போய் எடுக்கணும். சின்னது போதும். லைட்டு ரெண்டையும் அகல விரிச்சு வைப்போம்."

அவள் சொன்னது சரி. சின்னக் கேமராவின் கூட்டைத் திறந்து, அதன் ரப்பர் வளையத்தில் தூசி, முடி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, எண்ணெய்ப் பசை பூசினேன். காலிக் கூட்டை வாளித் தண்ணீரில் அமுக்கி வைத்தோம். ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. மீன் படம் எடுக்கப் போகும்போது இந்த வேலையைச் சிரித்துப் பேசிக்கொண்டே செய்வோம். அன்று அதே வளையத்தை இரண்டாவது தடவையும் தடவிப் பார்த்தோம்.

அப்போதுதான் மதினி வந்தார். காணாமல் போனவரின் மனைவி. பஸ்ஸில் தனியாக வந்திருந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. மேசை மேல் இருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதைத்தான் கொண்டு போறீகளா தம்பி?"

"ஆமா மதினி."

"கொண்டு போகாதீக."

கொழுந்தன் கேட்டுத்தான் இதெல்லாம் நடக்கிறது, அண்ணன் பேரில் விழுந்த பழி போய்விடும் என்று ஏதோ சொன்னேன்.

"பழி இருந்துட்டுப் போகட்டும் தம்பி. ஓடிப்போனாரு, களவாண்டாரு, வேற ஒருத்திய வச்சிருக்காருன்னு சொல்றாக. சொல்லட்டும். அப்படின்னா எங்கயாவது சோறு தின்னுக்கிட்டு இருக்காருன்னு அர்த்தம். நீங்க படம் எடுத்துட்டா அதுவும் போயிரும்."

என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மதினி அழவில்லை. "கொழுந்தன்கிட்டச் சொல்லிராதீக" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் போனோம். போகாமல் இருந்திருக்கலாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தண்ணீருக்குள் இருப்பவரை அப்படியே விட்டுவிட முடியாது என்று என் மனைவி சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

குவாரியைச் சுற்றி ஊரே நின்றது. மதினியும் வந்திருந்தார், பாறை நிழலில், யாரோடும் சேராமல். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் கரையில் நின்று கயிற்றைக் கவனித்துக்கொண்டார். நானும் மனைவியும் இறங்கினோம். மேலே பாசிப்பச்சை. கொஞ்சம் கீழே போனதும் பழுப்பு. பிறகு என் கையே எனக்குத் தெரியாத இருட்டு. கடலில் மீன் இருக்கும், அலையின் ஆட்டம் இருக்கும். இங்கே ஒன்றுமில்லை. குளிர் மட்டும் எலும்பு வரை ஏறியது. பாறைச் சுவரைத் தடவிக்கொண்டே போனோம்.

முதலில் என் முட்டி எதிலோ இடித்தது. டயர். வண்டி தலைகீழாகச் சாய்ந்து கிடந்தது. சேறு கிளம்பாமல் இருக்கக் காலை அசைக்காமல் மிதந்து, பின்பக்கம் போனோம். மனைவி லைட் பிடித்த கைகளை இருபுறமும் விரித்தாள். நான் கேமராவை நம்பர் பிளேட்டுக்கு ஒரு முழத்தில் நிறுத்தினேன். மஞ்சள் தகடு, கறுப்பு எழுத்து. திரையில் தெளிவாக விழுந்தது. தொழில் பழக்கத்தில், நல்ல படம் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் வந்ததை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பிறகு முன்பக்கம் வந்தோம். டிரைவர் பக்கத்துக் கண்ணாடி மூடியே இருந்தது. உள்ளே பார்த்தேன். பார்த்ததை எழுத மாட்டேன். கேமராவை உயர்த்தினேனா, அது தானாக உயர்ந்ததா தெரியவில்லை. மனைவி தன் உள்ளங்கையை லென்ஸ் மேல் வைத்து மூடினாள். இன்னொரு கையால் மேலே என்று சைகை செய்தாள்.

கரையேறியதும் இன்ஸ்பெக்டர் அந்தச் சின்னத் திரையைக் குனிந்து பார்த்தார். கையில் இருந்த நம்பரோடு ஒப்பிட்டார். தம்பி எட்டிப் பார்த்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக் கத்தினான்.

"யாருடா எங்கண்ணனக் களவாணின்னது? இப்பச் சொல்லுங்கடா! வந்து சொல்லுங்கடா!"

அவன் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, அப்புறம்தான் அழ ஆரம்பித்தான். அண்ணன் பிழைத்திருக்கவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது போல இருந்தது. மதினியைத் திரும்பிப் பார்த்தேன். ஜல்லிக்கல் மேல் உட்கார்ந்துவிட்டிருந்தார். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒப்பாரியை ஆரம்பிக்க, அவர் மட்டும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சும்மா இருந்தார்.

மோட்டார்கள் வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். கிரேன் வந்தது. லாரி முதலாளி மயானத்துக்கு வந்து, ஓரமாக நின்றுவிட்டுப் போனார். ஊர் பேச்சை மாற்றிக்கொண்டது. அவ்வளவு நேர்மையான மனுசன் உண்டா என்று, முன்பு ஆந்திராவைப் பற்றிப் பேசிய அதே வாய்கள் பேசின.

எட்டாம் நாள் காரியம் முடிந்தபின் நாங்கள் போய்ப் பார்த்தோம். மதினி என் மனைவியிடம் மட்டும் பேசினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

மாதங்கள் கழித்து, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். பார்க்காதது போல நகர்ந்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவரே கிட்டே வந்துவிட்டார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். யார்கிட்டயும் கேக்க முடியல."

"கேளுங்க மதினி."

"அங்க, கீழ, குளிருமா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை.

"குளிரும் மதினி. ரொம்பக் குளிரும்."

தலையை ஆட்டிக்கொண்டார். "அவருக்குக் குளிரு ஆகாது தம்பி. மார்கழியில வெந்நி வச்சாத்தான் குளிப்பாரு" என்றார். திருச்சுழி பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியது. அவர் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "வாரேன்" என்று சொல்லி ஏறிப்போனார்.