குழாய்க்குள்ளிருந்து வந்த பதில்

நம்பாதவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. கடவுளுக்குப் பயந்தவன் நான். பொய் சொல்லி உங்களைப் பயமுறுத்தி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

எங்கள் ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்து கடலில் விடும் நிலையத்தில் நான் ஆபரேட்டர். எங்கள் மேலாளர் மேடையேறினால் "கடல் நம் தாய்" என்பார். இறங்கியதும் அந்தத் தாயின் தலையிலேயே சாக்கடையைக் கவிழ்க்கச் சொல்வார். தொட்டி நிறைந்தால் சுத்தம் செய்யாமலே திறந்துவிட ஒரு வால்வு உண்டு. அவசரத்துக்கு வைத்தது. அவருக்குத் தினமும் அவசரம். மீன் செத்து மிதந்தால் வெயில்மேல் பழி போடுவார். கடவுள் அவரை மன்னிக்கட்டும். என்னால் இன்னும் முடியவில்லை.

அன்று மாலை ஆறு பத்து. தொட்டிக்குக் காற்றூதும் மோட்டார் எரிந்து கிடந்தது. தொட்டி விளிம்புவரை நிரம்பிவிட்டது. மறுநாள் ஆய்வுக்குழு வருகிறது.

"திறந்து விடுய்யா."

"சார், கடலுக்கடியில குழாய் வாயில சிப்பி சுரண்ட ஆள் இறங்கியிருக்காரு. மேல வந்துட்டதா படகுக்காரர்கிட்டருந்து இன்னும் போன் வரல."

"அவன் இந்நேரம் வீட்ல கால் நீட்டிப் படுத்திருப்பான். திற!"

திறந்தால் அந்த வேகத்தில், குழாய் வாயில் இருப்பவர் பிழைக்க மாட்டார்.

எங்களிடம் ஒரு வழக்கம். திறக்கும்முன் இரும்புக் குழாயை ஸ்பேனரால் மூன்று முறை தட்டுவோம். கடலுக்கடியில் ஆள் இருந்தால் பதிலுக்குத் தட்டுவார். சின்ன விஷயம்தான். ஓர் உயிருக்குக் காட்டும் மரியாதை. மேலாளருக்கு அது கேலி.

தட்டினேன்.

டங்... டங்... டங்...

பதில் இல்லை.

"முடிஞ்சுதா உன் கச்சேரி?"

வால்வுச் சக்கரத்தில் கை வைத்தேன்.

டங்... டங்... டங்...

பதில்! ஆனால் எப்போதும் எங்கோ தூரத்தில் மெல்லியதாய்க் கேட்கும். இது... பக்கத்தில் கேட்டது.

"இரும்பு குளிர்ல சுருங்குது. தள்ளு!" மேலாளரே சக்கரத்தைப் பிடித்தார்.

டங்!

இன்னும் பக்கத்தில்.

டங்!

எங்கள் காலடியில்.

பிறகு, வால்வுக்கு அந்தப் பக்கம்... நகத்தால் பிறாண்டும் சத்தம்.

மெதுவாக...

மேலாளர் ஓடினார். தாயைப் பற்றி ஊருக்கே பாடம் எடுத்த வாய், "அம்மா!" என்று அலறிக்கொண்டே போனது.

படகுக்காரருக்குப் போன் செய்தேன். இறங்கியவரின் இடுப்பில் கட்டிய கயிற்றை அவர் இழுத்திருக்கிறார். அசையவில்லை. கத்தியோடு குதித்து, சிக்கலை அறுத்து, ஆளை மேலே கொண்டுவந்தார். உயிர் இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பார்த்தேன்.

"நல்லவேளை, பதில் தட்டினே தம்பி."

அவர் என்னையே பார்த்தார்.

"நான் எங்கண்ணே தட்டினேன்? கிழிஞ்ச வலை ஒண்ணு ரெண்டு கையையும் உடம்போட சேர்த்துச் சுத்திருச்சு. விரலைக்கூட அசைக்க முடியல. நீங்க தட்டினது கேட்டுச்சு. நம்ம கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன்."

"அப்போ... அந்தப் பதில்?"

"அதுவும் கேட்டுச்சு." குரல் இறங்கியது. "தலை விளக்கு வெளிச்சத்துல பார்த்தேண்ணே. குழாய் வாயில யாரும் நுழைய முடியாதபடி வெல்டு வச்ச கம்பி இருக்குல்ல... அதுக்கு உள்பக்கம் ஒருத்தரோட முதுகு. உங்க பக்கமா தவழ்ந்து போயிட்டிருந்தாரு."