ஆமையின் பிராஞ்ச்

இது நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், உங்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. மூன்று வாரமாக ஒரு நாள்கூட லீவு எடுக்காதவளுக்குக் கதை கட்ட மட்டும் தெம்பு எங்கிருந்து வரும்? நடுராத்திரி, நாய் ஊளை என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். எனக்கு நடந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

லிஃப்டுகளுக்கு மென்பொருள் எழுதுவது எங்கள் கம்பெனி. எந்த மாடியில் நிற்க வேண்டும், எப்போது கதவு திறக்க வேண்டும் எல்லாம் நாங்கள் எழுதுகிறபடிதான். மறுநாள் காலை ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டில் எங்கள் புதுப் பதிப்பு ஏற வேண்டும். அதில் ஒரு தலைவலி. லிஃப்ட் வந்து நின்ற பிறகும் ‘வந்துவிட்டேன்’ என்ற சிக்னல் தாமதமாகத்தான் வரும். அதுவரை கதவு திறக்காது. ஜனங்கள் நின்று திட்டுவார்கள். மேனேஜர் போனில் ஒரு வழி சொன்னார். இரண்டு விநாடி பார், சிக்னல் வராவிட்டாலும் கதவைத் திற. ஒரே ஒரு வரிதான் வேலை.

என் வீட்டுக்காரர் அந்த ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ். சேர்ந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. திங்கட்கிழமை காலை டூட்டி அவருக்கு. அந்த லிஃப்டில் நாளெல்லாம் ஏறி இறங்கப் போகிறவர் அவர்தான்.

“லிஃப்ட் வராமலே கதவு திறந்துட்டா என்ன சார் பண்றது?”

“கதவுக்குத் தனியா இரும்புப் பூட்டு இருக்கும்மா. நம்ம என்ன எழுதினாலும் அது விடாது. அனுப்பிட்டு வீட்டுக்குப் போ.”

வீட்டுக்குப் போ... அந்த வார்த்தைக்காக நான் எதை வேண்டுமானாலும் எழுதியிருப்பேன்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம். நான் எழுதுவதை என் லேப்டாப்பில் ஒரு தனிப் பிரதியாக வைத்திருப்பேன், அதற்குப் பேர் பிராஞ்ச். ஆபீஸ் சர்வரில் அதற்கு ஜோடியாக இன்னொரு பிராஞ்ச் இருக்கும். இதற்கு அதுதான் ஜோடி என்று ஒரு தடவை இணைத்துவிட்டால் போதும். அப்புறம் நான் அனுப்புவது அங்கே போகும், அங்கே வேறு யாராவது போட்டது என்னிடம் வரும். ஆளில்லாத புது ஜோடியாக உண்டாக்கிக்கொள்வதுதான் வழக்கம். நான் என் பிராஞ்சுக்குக் ‘கதவு’ என்று பேர் வைத்திருந்தேன். சர்வரில் அதே பேரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதோடு இணைக்கவா என்று கேட்டது. கண் எரிந்தது. யாருடையது என்றுகூடப் பார்க்கவில்லை. ஆமாம் என்று தட்டிவிட்டேன்.

வரியை எழுதினேன், அனுப்பினேன். போய்விட்டது. மணி இரண்டே கால். அப்பாடா என்று பையைத் தோளில் மாட்டினேன்.

வெளியே... டிங்.

எங்கள் மாடிக்கு லிஃப்ட் வந்து திறந்தது. யாரும் இறங்கவில்லை. கதவு தானாக மூடிக்கொண்டது. வாட்ச்மேன் கீழே பொத்தானை மாற்றி அழுத்தியிருப்பார் என்று நினைத்துத் திரையைப் பார்த்தேன்.

‘உன்னிடம் இல்லாத ஒரு மாற்றம் சர்வரில் இருக்கிறது.’

ஞாயிற்றுக்கிழமை எவனுக்கு இவ்வளவு அக்கறை? எடுத்துப் பார்த்தேன். என் வரியை யாரோ அழித்திருந்தார்கள். கூடவே ஒரு குறிப்பு: ‘வேண்டாம்.’ அனுப்பியவர் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆமையின் பேர்.

ஆமை என்பது நாங்கள் வைத்த பட்டப்பேர். அவர் ஒரு வரியை ஒன்பது தடவை சோதிப்பார். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்போம். என்னை எப்போதும் ‘ஏம்மா’ என்றுதான் கூப்பிடுவார். இரண்டு மாதத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. செத்தவர் கணக்கில் நுழைந்து எவனோ விளையாடுகிறான்! மேனேஜருக்குப் போன் போட்டேன்.

“நீங்களா சார் வரியை எடுத்தது?”

“நான் பிள்ளையோட நீச்சல் குளத்துல நிக்கிறேன். நீ இன்னும் கிளம்பலையா?”

திரும்ப எழுதினேன். அனுப்பினேன்.

டிங்.

இந்தத் தடவை நான் திரும்பிப் பார்த்தேன். திறந்த லிஃப்டுக்குள் விளக்கு எரிந்தது. கண்ணாடி இருந்தது. ஆள் இல்லை.

திரையில் மறுபடியும் ஒரு மாற்றம். என் வரி இல்லை. குறிப்பு மட்டும்...

‘வேண்டாம்மா.’

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதாவது நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் களைப்பு பயத்தைவிடப் பெரியது. இதை முடிக்காவிட்டால் நாளைக்கும் இங்கேதான் கிடக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் தடவை அனுப்பினேன்.

டிங் சத்தம் வரவில்லை.

காத்திருந்தேன்...

லிஃப்டுக்கு மேலே எண் மாறியது. எங்கள் மாடியில் நின்றது. கதவு திறக்கவில்லை.

உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

மெதுவாகத் திரையைப் பார்த்தேன்.

‘ஏம்மா, உன் வீட்டுக்காரன் பின்பக்கமாத்தானே உள்ளே போவான்?’

பின்பக்கமாகவா? எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் ஸ்ட்ரெச்சர் ஞாபகம் வந்தது. போனை எடுத்தேன். இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன்.

“என்னங்க... ஸ்ட்ரெச்சரை லிஃப்டுக்குள்ள எப்படிக் கொண்டு போவீங்க?”

“பின்னாடி நடந்துக்கிட்டே இழுப்பேன். ஏன், என்ன ஆச்சு உனக்கு?”

போனை வைத்தேன்.

என்னுடையதைத் தூக்கிப் போட்டேன். சர்வரில் இருந்ததை அப்படியே எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

மாடிப்படியில் இறங்கினேன்.

ஓடினேன்.

திங்கட்கிழமை காலை அவரே கூப்பிட்டார். எடுத்ததுமே கத்தினார்.

“என்ன மென்பொருள் எழுதறீங்க? நாலாவது மாடியில பேஷண்டோட நிக்கிறேன், கதவு திறக்கவே மாட்டேங்குது!”

“திறக்கலையா? நல்லாப் பாத்தீங்களா?”

“அரை மணி நேரமா நிக்கிறேன்டி!”

அதற்குள் மெக்கானிக் வந்துவிட்டார். அவர் சாவி போட்டுக் கதவைத் தள்ளும் சத்தம் போனில் கேட்டது. அப்புறம் என் வீட்டுக்காரர் பேசவே இல்லை. நான் ‘ஹலோ, ஹலோ’ என்று கத்திக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னால் லிஃப்ட் இல்லையாம். தரைத்தளத்தில் நின்றிருந்ததாம். இரும்புப் பூட்டு என்றைக்கோ தேய்ந்து போயிருந்ததாம். அன்று நான் ஆபீஸ் பாத்ரூமில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

சர்வரைப் பார்த்துக்கொள்கிற பையனிடம் கேட்டேன். தலையைச் சொறிந்தான். “அவர் கணக்கை மூடி ரெண்டு மாசம் ஆச்சு மேடம். ஆனா மூணும் அவர் லேப்டாப்புல இருந்துதான் வந்திருக்கு. அது இன்னும் நம்மகிட்ட திரும்பி வரலை.”

நானே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். லேப்டாப் என்றதும் உள்ளே போய்த் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் திணித்தார்.

“தயவுசெய்து எடுத்துட்டுப் போயிடும்மா. அது இருக்கற ரூம்ல என்னால படுக்க முடியலை.”

“ஏன்க்கா, என்ன ஆச்சு?”

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் அலமாரியில துணி எடுக்கப் போனேன். மேல இருந்த துணியெல்லாம் சுடுது. கீழ கையை வச்சுப் பார்த்தா இது கொதிக்குது.”

“சார்ஜ் போட்டு வச்சிருந்தீங்களா?”

“எதுல போடறது? அவர் சார்ஜர் ஆபீஸ்லயே தங்கிடுச்சே. நானும் யார்கிட்ட கேக்கறதுன்னு விட்டுட்டேன்.”

அவர் இறந்த வாரமே என் சார்ஜர் பழுதாகிவிட்டது. மேஜையில் கிடந்த அவருடையதை எடுத்துக்கொண்டேன். இரண்டு மாதமாக என் லேப்டாப் ஓடுவது அதில்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தான் மாட்டியிருந்தேன்.