மரத்துக்குள் தட்டிய முனி

பூசாரி பத்துமலைக்கு வாழ்நாளில் அப்படியொரு அதிர்ச்சி வந்ததில்லை. அதுவும் முனிக்குப் பொங்கல் வைத்துவிட்டுத் திரும்பிய அன்றைக்கேவா வர வேண்டும்!

ஈப்போ நகரத்துப் புந்தோங்கிலிருந்து அவர்கள் வருடா வருடம் ஒரு பஸ் பிடிப்பார்கள். எல்லாரும் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் டவுனுக்குப் பிழைக்க வந்தவர்கள். தோட்டத்துக் காட்டோரம் நிற்கும் முனி இருப்பதாக நம்பும் ஒரு பெரிய மரத்துக்குப் பூசை போட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். எண்பத்து மூன்றில், பஸ் ஏற்பாடு செய்யும் ஜெயபாலன், "பிள்ளைங்க மானு, செலாடாங் மாடெல்லாம் பாக்கட்டுமே அண்ணே" என்று வழியில் ஒரு வனவிலங்குக் காப்பகத்தில் நிறுத்தச் சொன்னான்.

மானைப் பார்த்தார்கள், காட்டு மாட்டைப் பார்த்தார்கள். கடைசியில் காவலர் கார்த்திகேசு ஓர் உயர்ந்த மரத்தைக் காட்டினார். நடுமரத்தில் பூசி அடைத்த பொந்து, அதில் ஒரு சின்னக் கீறல். பெரிய அலகுள்ள இருவாச்சி ஒன்று பறந்து வந்து அந்தக் கீறல் வழியே பழம் ஊட்டியது.

"உள்ள பெட்டை இருக்கு. வாசல அடச்சிக்கிட்டுத்தான் முட்ட போடும். சிறகு கொட்டிடும், பறக்க முடியாது. இந்த ஆணு கொண்டாந்து குடுத்தாத்தான் அதுக்கும் குஞ்சுக்கும் சாப்பாடு" என்றார் கார்த்திகேசு.

"ஆணு வராம போயிட்டா?" என்று கேட்டான் ஜெயபாலன்.

"உள்ளேருந்து அலகால தட்டிக்கிட்டே கெடக்கும். பெரும்பாலும் பட்டினியில செத்துரும்."

பத்துமலைக்குப் பிள்ளைகள் கேட்டதெதுவும் காதில் விழவில்லை.

எழுபத்தொன்றில் அவர் மனைவி ராக்காயிக்கு முட்டிவலி. இருவாச்சிக் கொழுப்பைக் காய்ச்சித் தேய்த்தால் போய்விடும் என்று எவனோ அளந்துவிட்டான். பாவி மனுஷன் அதை நம்பி, தோட்டக் காவலாளியின் துப்பாக்கியை வாங்கிப்போய், அந்தக் காட்டோர மரத்துக்கு வந்த பறவையைச் சுட்டார். விழுந்தபோது அதன் வாயிலிருந்து அத்திப்பழங்கள் சிதறின. திருட்டு வேட்டை; ராக்காயியைத் தவிர யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை பால் வெட்டப் போனவர்களுக்கு மரத்துக்குள்ளிருந்து டொக் டொக் என்று சத்தம் கேட்டது. பெண்கள் அந்தப் பக்கம் போகவே மறுத்தார்கள். "முனி பூசை கேக்குறாரு" என்று சொன்னது இதே பத்துமலைதான். பொய்யில்லை, மனசார நம்பித்தான் சொன்னார். மரத்துக்கு மஞ்சள் துணி கட்டி, தேங்காய் உடைத்து, சேவல் அறுத்தார். சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. அன்றிலிருந்து அவர் பூசாரி. வேலை வாங்கும் மண்டோர்கூட அவரை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தார். அவர் கையால் திருநீறு வாங்காமல் அந்தச் சனத்தில் ஒரு கல்யாணம் நடந்ததில்லை.

பஸ் கிளம்பியது. கோப்பெங் ஊர் தாண்டியதும் பக்கத்தில் இருந்த ராக்காயி கேட்டாள்.

"அந்தச் சத்தம் எத்தன நாளு கேட்டுச்சு?"

"ஒம்பது நாளு."

"கொஞ்சங் கொஞ்சமாத்தானே கொறஞ்சிச்சு. முனி மனசு எறங்குறாருன்னு சொன்னீங்க."

 

முன் சீட்டிலிருந்து ஜெயபாலன் திரும்பினான். "பூசாரியண்ணே, அடுத்த வருசம் எந்தத் தேதிலா? இப்பவே பஸ்ஸு சொல்லி வைக்கணும்."

பத்துமலை எழுந்தார். சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பஸ்ஸு வேணாம்லா. அங்க முனி கெடையாது. அந்த மரத்துக்கு வந்த ஆண் பறவைய நான்தான் சுட்டேன். பெட்டை உள்ள கெடந்து தட்டுச்சு. நாம வெளிய நின்னு கும்பிட்டோம்."