பிரேக், கல்

எங்கள் ஜீப் என்னைவிட இரண்டு வயது இளையது. ஆனால் எனக்கு இல்லாத வியாதியெல்லாம் அதற்கு இருந்தது. காலையில் எழுப்பினால் எழாது, எழுந்தால் இருமும். ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிக்கும். இறக்கத்தில் போட்ட கியர் தானாக நழுவி வெளியே வந்துவிடும். நேர் சாலையில் கொஞ்சம் வேகம் பிடித்தால் ஸ்டியரிங் வெடவெடவென்று ஆடும். ஒன்றைச் சரிசெய்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் அடுத்த வாரம் வேறொன்று கெட்டு நம் உயிரை வாங்கும்.

அந்த ஜீப்பில்தான் என் வீட்டுக்காரருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. ஜீப்பால் போனது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். என்னால் போனது என்பதுதான் சரி. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மும்பைக்கு வெளியே கர்ஜத் பக்கத்து மலைகளில் மின்சார டவர் கட்டுகிற காண்டிராக்டர்களுக்கு அவர் ஜீப் ஓட்டினார். மழைக்காலத்தில் லாரி ஏறாத மண்பாதையில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டிதான் ஏறும். தண்ணீர் டிரம், கம்பிச் சுருள், சிமெண்ட், சில நாள் ஆட்கள் என்று எல்லாம் அதில்தான் மேலே போகும். ஜீப் நின்றால் எங்கள் அடுப்பும் நிற்கும் என்ற நிலைமை.

அவர் சாத்தான்குளம் பக்கத்துக்காரர். கல்யாணத்துக்குப் பிறகு தாராவிக்கு வந்து, ஓட்டுநர்களோடு சுற்றியே இந்தி பேசக் கற்றுக்கொண்டார். சண்டை போடும் அளவுக்குப் பேசுவார். ஆனால் ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. நான் தாராவியிலேயே பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் இந்தியில் முதல் மார்க் வாங்கியவள், மாட்டுங்காவில் ஒரு பள்ளி அலுவலகத்தில் கிளார்க். கடைப் பலகை, ஆர்.டி.ஓ. காகிதம், போலீஸ் சலான் எது வந்தாலும் வாங்கி மடித்து என்னிடம் கொண்டுவருவார். சர்ச்சில் நாலு பேர் நிற்கும்போது "எங்க வீட்ல உள்ளவ இந்தி, மராத்தி எல்லாம் தண்ணி மாதிரி படிப்பா" என்று பீற்றிக்கொள்வார். நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

அதனால் ஜீப்புக்குப் பார்ட்ஸ் தேடுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. இத்தனை பழைய வண்டிக்கு ஷோரூமில் எதுவும் கிடைக்காது, குர்லா பார்ட்ஸ் கடைகளில்தான் தேட வேண்டும். அங்கே ஒரு சந்து முழுக்க ஆக்சில், இன்னொரு சந்து முழுக்க கியர்பாக்ஸ். கருப்பு எண்ணெயில் காலை வைத்து வைத்து நடக்க வேண்டும். எந்தக் கடையில் எதைக் கேட்டாலும் முதல் வார்த்தை "சாம்பிள் லாவ்" என்பதுதான். கெட்டுப்போன பழைய சாமானைக் கையில் வைத்துக் காட்டாதவரை அவர்கள் பேசவே மாட்டார்கள். பெயர் சொன்னால் நம்ப மாட்டார்கள், மாடல் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பதும் நியாயம்தான். எங்கள் ஜீப்பில் என்ஜின் ஒரு வண்டியுடையது, கியர்பாக்ஸ் வேறொரு வண்டியுடையது. பின் ஆக்சில் எந்த வண்டியுடையது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஆகவே பழைய சாமானை இந்தி பேப்பரில் சுற்றி, அதன் மேல் பாலிதீன் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு சயானில் ரயில் ஏறுவேன். லேடீஸ் பெட்டியில் எண்ணெய் நாற்றம் வரும். ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு "க்யா லேகே ஜா ரஹீ ஹோ?", என்ன கொண்டுபோகிறாய் என்று கேட்பாள். "ஜீப்போட கிட்னி" என்று நான் தமிழில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். முதல் தடவை போனபோது ஒரு கடைக்காரர், லேடீஸ் ஐட்டம் இங்கே இல்லை என்றார். மூன்றாவது வருஷம் அவரே எனக்கு ஸ்டூல் போட்டார். அந்த ஸ்டூலும் எனக்குப் பிடித்திருந்தது.

போன மழைக்காலத்தின் நடுவில் பின் சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிய ஆரம்பித்தது. சக்கரத்துக்குள்ளே விரல் நீளத்தில் ஒரு சிலிண்டர் இருக்கும். பெடலை மிதித்தால் ஆயில் அதற்குள் போய் பிரேக்கைத் தள்ளும். உள்ளே இருக்கிற ரப்பர் தேய்ந்தால் ஆயில் வெளியே ஒழுகும், பெடல் மெத்தென்று கீழே போகும். இது எல்லாப் பழைய ஜீப்புக்கும் வருகிற சாதாரணக் கோளாறு. இரண்டு பக்கத்துக்கும் புது சிலிண்டரை நானே குர்லாவில் தேடி வாங்கி, செம்பூரில் எங்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வண்டியைத் திங்கட்கிழமை அங்கே விட்டோம்.

மெக்கானிக் உத்தரப் பிரதேசத்துக்காரர், என்னை பாபி, அதாவது அண்ணி என்று கூப்பிடுவார். ரயில் பாதையை ஒட்டிய சந்தில் ஒரு தகர ஷெட்தான் அவருடைய ஒர்க்‌ஷாப். அவருக்கு நோட்டு கிடையாது. வண்டி வந்ததும் துணி சோப்பை எடுத்து முன் கண்ணாடியில் இந்தியில் எழுதிவைப்பார். ரேடியேட்டர், வண்டியைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார், பிரேக். ஒரு வேலை முடிந்தால் அந்த வரியை ஈரத் துணியால் துடைப்பார். கண்ணாடி சுத்தமாக இருந்தால் வண்டி ரெடி. அவர் இல்லாவிட்டாலும் ஆணியில் தொங்குகிற சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டு, பிறகு போன் செய்து சொல்வோம். பல வருஷமாக அப்படித்தான் நடந்துவந்தது.

"பிரேக் வியாழக்கிழமை முடிந்துவிடும்" என்று போனில் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் காண்டிராக்டர் கூப்பிட்டார். மழை விட்டிருக்கிறது, மேலே ஆட்களுக்குத் தண்ணீர் இல்லை, உடனே வா என்றார். நான் அன்று அரை நாள் லீவு போட்டு ரேஷன் கார்டு வேலையாக செம்பூரில் இருந்தேன். இரண்டு பேரும் ஷெட்டுக்குப் போனோம். மெக்கானிக் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். ஜீப் நாலு சக்கரத்தில் சந்தில் நின்றது. கண்ணாடியில் இரண்டு வரி துடைத்திருந்தது. ஒரே ஒரு வரி மட்டும் இருந்தது.

"என்னட்டி எழுதிருக்கான்?"

"பிரேக், கல்."

தமிழில் கல் என்றால் கல்தான். இந்தியில் நேற்றும் கல், நாளையும் கல். பேசும்போது இது யாருக்கும் குழப்பம் தராது, பின்னால் வருகிற வினைச்சொல் எந்த நாள் என்று காட்டிவிடும். கண்ணாடியில் வினைச்சொல் இல்லை. நான் யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். யோசித்தேன். வியாழக்கிழமை முடியும் என்றார், இன்று வெள்ளி, ஆகவே கல் என்றால் நேற்று. புது பிரேக் சரியாகப் பிடிக்க ஒன்றிரண்டு நாள் ஓட வேண்டும் என்று அவர் எப்போதும் சொல்வார். அதனால்தான் மாற்றிய நாளைத் துடைக்காமல் வைத்திருக்கிறார் என்று நானே ஒரு காரணத்தையும் கண்டுபிடித்தேன்.

"நேத்தே மாத்தியாச்சி" என்றேன்.

"கேட்டுக்கிடலாமா?"

போன் போட்டேன். ஷெட்டுக்குள்ளேயே சார்ஜில் கிடந்த மெக்கானிக்குடைய போன் அடித்தது. ஒரு மணி நேரம் காத்திருந்தால் ஆள் வந்திருப்பார். "எழுதிப் போட்டிருக்காவல்லா, அதுக்கு மேல என்னத்தக் கேக்க?" என்று நான்தான் சொன்னேன். என் படிப்பைச் சந்தேகப்படுகிறாரோ என்று ஒரு சின்னக் கோபம்கூட எனக்கு வந்தது. அவர் சாவியை எடுத்தார்.

தொழுகை முடிந்து வந்த மெக்கானிக் ஜீப்பைக் காணாமல் என் வீட்டுக்காரரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். அந்த என்ஜின் சத்தத்தில் இடிச் சத்தமே கேட்காது, பிறகு மலையில் சிக்னல் இல்லை. எனக்கும் ஒருமுறை அழைப்பு வந்தது. நான் ரேஷன் அலுவலக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். வண்டியை எடுத்துப் போனோமா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார், சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மேலே ஏறி டிரம்களை இறக்கிவிட்டு, இரண்டு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறார். சின்ன கியரில்தான் இறங்கினார். பாதியில் கியர் நழுவியது. அது பழைய வியாதி, அப்படி நழுவும்போதெல்லாம் பிரேக்கை மிதித்து நிறுத்தி மறுபடி போடுவார். அன்றும் மிதித்தார். பெடல் தரையில் போய் ஒட்டிக்கொண்டது. இடது பக்கம் பள்ளம். அவர் வலது பக்கம் ஒடித்து, தன் பக்கத்தையே மலையில் கொண்டுபோய் மோதினார். வேலையாட்கள் சிராய்ப்போடு எழுந்து நின்றார்கள். அவரைத் தகரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள்.

மறுநாள் காலை, ஆபரேஷன் முடிந்த பிறகு, நான் செம்பூருக்குப் போனேன். அந்த மனிதனைச் சந்து முழுக்கக் கேட்கும்படி திட்டத்தான் போனேன். வாயைத் திறக்குமுன் அவர் அலமாரியிலிருந்து நான் கொடுத்த இரண்டு சிலிண்டர் பொட்டலங்களை எடுத்துப் பெஞ்சில் வைத்தார். குர்லா கடைக்காரர் போட்ட ரப்பர் பேண்ட்கூடப் பிரிக்கவில்லை.

"செல்ஃப் மோட்டார்ல நேரம் போயிடுச்சு பாபி. பிரேக் கல் கரூங்கானு தான் எழுதிவச்சேன்" என்று பாதி இந்தியிலும் அவருக்குத் தெரிந்த தமிழிலுமாகச் சொன்னார். நாளை செய்வேன் என்று அர்த்தம். பிறகு தலையைக் குனிந்து, "கரூங்காவை எழுதாம விட்டுட்டேன். தப்பு என்னோடது" என்றார். அது அவருடைய தப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

அதன் பிறகு மூன்று வாரம் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். மூன்று வாரமும் மெக்கானிக்கைத் திட்டினார். செய்யாத வேலையைச் செய்ததாக எழுதிவைத்து ஏமாற்றிவிட்டான் என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அவர்களும் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். நான் பக்கத்தில் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். என் அண்ணன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போகலாம் என்றான். சர்ச் பெரியவர் ஒருவர்தான் அடிதடி வேண்டாம், போலீஸில் எழுதிக் கொடுங்கள் என்று தடுத்தார். எனக்கு அந்த நாட்களில் என் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் தள்ளினால் அடுத்த நாள் தள்ளுவது இன்னும் சுலபமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, போலீஸ் புகாருக்காக அண்ணன் வாங்கி வைத்திருந்த வெள்ளைத்தாளை என்னிடம் நீட்டினார்.

"எழுதுட்டி. இந்தில எழுது. ஒனக்குத்தான் நல்லா எழுத வரும்."

தேதி போட்டேன். அவர் பெயரை எழுதினேன். பிரேக் வேலை முடிந்ததாகக் கண்ணாடியில் பொய்யாக எழுதி என்று அவர் சொல்ல, நான் அந்த இடத்தில் நின்றுவிட்டேன். இதை எழுதிக் கொடுத்தால் ஒரு மனிதனைப் பிடித்து உள்ளே வைப்பார்கள்.

"அவரு பொய் எழுதல" என்றேன். "கல்லுன்னுதான் எழுதியிருந்தாவ. நாளைக்குச் செய்யுததுக்கு எழுதுனது. நான்தான் நேத்துன்னு படிச்சிட்டேன்."

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"மறுநாளே."

அவர் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"செம்பூர் நாக்கா சிக்னல்லயே பெடல் மெத்துன்னு போச்சி" என்றார். "திரும்பிருவமான்னு நெனச்சேன். புது பிரேக்குதானே, நேத்துதானே மாத்திருக்கான், நீ படிச்சிச் சொன்னியே, ஓட ஓட செட்டாவும்னு போயிட்டேன்."

தாளை வாங்கி நாலாகக் கிழித்தார். "கேக்கவங்கட்ட பிரேக் பெயிலியருன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறார் என்று புரிந்து, அங்கேயே அழுதேன். அவர் தடுக்கவில்லை.

சாயங்காலம் நர்ஸ் வந்து டிஸ்சார்ஜ் சீட்டைக் கொடுத்தாள். எந்த மருந்து எத்தனை நாள், புண்ணுக்கு எப்போது கட்டு மாற்றுவது என்று இந்தியில் எழுதியிருந்தது. வழக்கம்போல் நான் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டி எட்டி, பக்கத்துக் கட்டிலில் இருந்த அறிமுகமில்லாத மனிதரிடம் சீட்டைக் கொடுத்து, கொஞ்சம் படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.